கரையும் காப்புறுதியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியில், மெக்சிக்கோ வளைகுடாவின் ஓரத்தே அமைந்திருப்பது லூயிசியானா மாநிலம். உலகப் படத்தை விரித்து நோக்குவோர், அந்நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் மிசிசிப்பி என்னும் பேராறு இம்மாநிலத்தின் வழியாகவே கடலைச் சேர்வதைக் காண்பர். அந்நாட்டின் பெருநிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கின் மழைநீர் இந்த ஓர் ஆற்றிலேயே வந்து சேர்கின்றது. வடக்கே உருகும் பனியும் இடையே பெய்யும் மழையும் இளவேனிற் காலத்தில் வெள்ளமாக இறங்குகின்றன. அந்த வெள்ளம் வடிந்து கோடை முற்றியதும் வளைகுடாவிலே சூறாவளிக் காலம் தொடங்கிவிடுகின்றது. ஆற்றுக்கு அஞ்சுவது ஒரு பருவம், கடலுக்கு அஞ்சுவது மறுபருவம் என்பதே அந்நாட்டு மக்களின் வாழ்க்கை.

இத்தகைய தாழ்ந்த நிலத்திலே மக்கள் 300 ஆண்டுகளாக நகரம் அமைத்து வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் வெள்ளத்தை எவ்வாறு தடுக்க முயன்றனர் என்பது ஒரு வரலாறு. தடுக்க இயலாதபோது நேர்ந்த இழப்பை யார் தலையில் ஏற்றினர் என்பது மற்றொரு வரலாறு. முன்னையது பொறியியலாளரின் நூல்களிலே விரிவாக எழுதப்பட்டுள்ளது. பின்னையதையே நாம் இங்கு சற்று ஆராய விரும்புகின்றோம். ஏனெனில், கடலோரத் தாழ்நிலங்களில் வாழும் மக்கள் அனைவருக்கும் இன்றோ நாளையோ எழப்போகும் கேள்வி அதுவேயாகும்.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தென் லூயிசியானா ஆறு கொணர்ந்த வண்டலால் ஆகிய நிலம். ஏறக்குறைய 7,000 ஆண்டுகளாக மிசிசிப்பி ஆறு பெருகும்போதெல்லாம் கரைபுரண்டு, தான் சுமந்துவந்த சேற்றை இருபுறமும் பரப்பிச் சென்றது. கனத்த மணல் கரையோரத்திலேயே படிந்தமையால் ஆற்றங்கரை மேடாகவும், கரையிலிருந்து விலக விலக நிலம் தாழ்ந்து சதுப்பாகவும் அமைந்தன. ஆகவே அந்நாட்டில் ஆற்றை விட்டு அகன்று செல்வோர் மேட்டுக்குச் செல்வதில்லை, பள்ளத்துக்கே செல்கின்றனர். ஆற்றின் வெள்ளமே அந்நிலத்தைப் பெற்று வளர்த்த தாய் எனின், அது மிகையாகாது.

1718ஆம் ஆண்டில் பியன்வில் என்னும் பிரெஞ்சுத் தலைவர் ஆற்றங்கரை மேட்டிலே நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு அடிகோலினார். அடுத்த ஆண்டிலேயே வெள்ளம் புகுந்தது. நகரை இடம் மாற்றுவதா, கரை எழுப்புவதா என்ற வினா அன்றே எழுந்தது. வணிகத்துக்கு ஆற்றின் வாயில் வேண்டியிருந்தமையால் கரையே எழுப்பப்பட்டது. 1727ஆம் ஆண்டளவில் நகரின் முன்னால் ஏறக்குறைய ஒரு மைல் நீளமான மண்கரை நின்றது. நகருக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய நிலத்துக்கு உரியவன் ஒவ்வொருவனும் தன் நிலத்தின் முகப்புக் கரையைத் தானே கட்ட வேண்டும் என்றும், தவறினால் நிலத்தை இழக்க நேரும் என்றும் ஆட்சியாளர் ஆணையிட்டனர்.

வையை பெருகியபோது மதுரை மக்கள் கரையைப் பங்கிட்டு அடைத்த கதையை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. ஆயினும் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. ஆணை நிலக்கிழாருக்கு, மண் சுமந்த முதுகு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளுடையது. கரையால் விளைந்த பயன் ஒருவருக்கும் பாடு மற்றொருவருக்கும் ஆகிய நிலை அங்கே தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரைகள் நீண்டு உயர்ந்தன. 1849ஆம் ஆண்டில் நகருக்கு மேலே ஒரு தோட்டத்தின் கரை உடைந்து, வெள்ளம் பின்புறச் சதுப்பின் வழியாக நகருக்குள் புகுந்தது. ஒருவன் தன் பங்கைச் சரிவர அடைக்காவிடின் ஊர் முழுவதும் மூழ்கும் என்பதை மக்கள் அன்று கண்டனர். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் மத்திய அரசாங்கம் சட்டம் இயற்றிச் சதுப்பு நிலங்களை மாநிலத்துக்கு அளித்தது. அவற்றை விற்ற பணத்தில் கரை கட்டுக என்பதே அதன் நோக்கம். தண்ணீர் தங்குவதற்கு இயற்கை விட்டுவைத்த இடத்தை விற்று, தண்ணீர் வாராதிருக்கக் கரை கட்டும் இவ்வேற்பாட்டின் முரணை அன்று எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே.

1879இல் மிசிசிப்பி ஆற்று ஆணைக்குழு நிறுவப்பட்டது. ஆற்றுக்கு வேறு வடிகால் எதுவும் வேண்டாம். இருமருங்கும் கரையை உயர்த்தினாற் போதும் என்ற கொள்கையே அக்குழுவினரிடம் மேலோங்கியது. நெருக்கப்பட்ட ஆறு தன் அடியைத் தானே அகழ்ந்து ஆழமாக்கிக்கொள்ளும் என அவர்கள் நம்பினர். ஆறு அவ்வாறு செய்யவில்லை. பரந்து செல்ல இடமின்றி மேலும் மேலும் உயர்ந்து ஓடிற்று. நிலத்துக்கு உணவாக வேண்டிய வண்டலோ ஆழ்கடலிற் சென்று வீழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. பால்ட்வின் வூட் என்ற பொறியியலாளர் அமைத்த மாபெரும் நீரிறைக்கும் இயந்திரங்கள் நகரின் பின்புறச் சதுப்புகளை வற்றச் செய்தன. மேட்டிலே ஒடுங்கியிருந்த நகர் பள்ளத்துக்கு இறங்கிற்று. புதிய தெருக்களும் வீடுகளும் தோன்றின. நீர் வற்றிய சதுப்பு மண்ணோ காய்ந்து சுருங்கி அமிழத் தொடங்கியது. தொடக்கத்திலே பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேலே இருந்த நகர், இன்று ஏறக்குறையப் பாதியளவு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றது. சில இடங்கள் ஆறடிக்கு மேலும் தாழ்ந்துள்ளன. பாதுகாப்புக்கென எழுந்த கரையும் இயந்திரமும் மக்களை மேலும் தாழ்ந்த இடத்துக்கே அழைத்துச் சென்றன என்பதை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். காப்புறுதி என்பது யாது? வந்திக்காக மண் சுமக்க வந்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி எல்லார் முதுகிலும் பட்டது என்று திருவிளையாடற் கதை கூறும். ஒருவன்மேல் வீழும் அடியைப் பலர் முதுகிலே பகிர்ந்து, எவரும் தாங்கக்கூடியதாக ஆக்குவதே காப்புறுதியின் உட்பொருள். ஓர் ஊரில் ஆயிரம் வீடுகள் உள்ளன. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ தீப்பற்றுகின்றன. ஆயிரம் பேர் செலுத்தும் சிறு கட்டணம் அந்த ஒருவரை மீட்டுவிடும். தீக் காப்புறுதி தழைத்ததன் காரணம் இதுவே.

வெள்ளத்தின் தன்மை வேறு. அது வந்தால் ஆயிரம் வீடுகளும் ஒரே நாளில் மூழ்கும். ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் வாழ்வோரே காப்புறுதியை நாடுவர். மேட்டில் வாழ்பவர் நாடார். எனவே சேர்ந்தோர் அனைவர்மீதும் அடி ஒருங்கே வீழும். பகிர்ந்துகொள்வதற்கு வேறு முதுகு இராது. அதற்கேற்பக் கட்டணத்தை உயர்த்தினால் ஏழைகள் செலுத்த இயலாது. குறைத்தால் கம்பனி முறிந்துவிடும்.

இவ்வுண்மையை வரலாறு விரைவிலேயே மெய்ப்பித்தது. 1895, 1896ஆம் ஆண்டுகளின் வெள்ளங்களுக்குப் பின்னர், மிசிசிப்பி ஆறும் ஒகாயோ ஆறும் கூடும் இடத்திலுள்ள கெயிரோ என்னும் ஊரில் ஒரு கம்பனி வெள்ளக் காப்புறுதி வழங்க முன்வந்தது. 1899இல் வந்த வெள்ளங்கள் அதன் முதல் முழுவதையும் விழுங்கின. கம்பனியின் தலைமைக் காரியாலயமே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதாம்! 1920களின் நடுவில் சில தீக் காப்புறுதிக் கம்பனிகள் மீண்டும் இத்துறையிற் புகுந்தன. 1928ஆம் ஆண்டு முடிவதற்குள் நம்பத்தக்க கம்பனிகள் யாவும் வெள்ளக் காப்புறுதியைக் கைவிட்டன. அதற்குக் காரணமாயிருந்தது 1927ஆம் ஆண்டின் பெருவெள்ளம்.

அவ்வெள்ளம் அமெரிக்க வரலாற்றில் ஒரு திருப்பம். பல மாதங்கள் பெய்த மழையால் ஆறு பெருகி, இடந்தோறும் கரைகள் உடைந்தன. ஏறக்குறைய 27,000 சதுர மைல் நிலம் நீரில் மூழ்கியது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். நியூ ஓர்லியன்ஸ் நகரின் வங்கித் தலைவர்களும் வணிகப் பெருமக்களும் தங்கள் நகருக்கு இடர் நேருமென அஞ்சினர். நகருக்குக் கீழே, கேர்னார்வன் என்னுமிடத்தில் கரையை உடைத்தால் வெள்ளம் அவ்வழியே கடலுக்கு ஓடிவிடும் என்றனர். ஆளுநர் இசைந்தார். 1927 ஏப்பிரல் 29ஆம் நாள் வெடிமருந்து வைத்துக் கரை தகர்க்கப்பட்டது.

வெள்ளம் ஓடிய பக்கத்தில் ஊர்கள் இல்லாமலில்லை. சென் பேர்ணாட், பிளாக்கமின் என்னும் இரு மாவட்டங்களில் ஏறக்குறைய 10,000 மக்கள் வாழ்ந்தனர். மீன்பிடித்தும், சதுப்பிலே தோலுக்காகச் சிறு விலங்குகளைப் பொறிவைத்துப் பிடித்தும் பிழைத்த எளியோர் அவர்கள். இழப்பு முழுவதையும் ஈடுசெய்வோம் என நகரத் தலைவர்கள் எழுத்தில் உறுதி கூறியிருந்தனர். வெள்ளம் வடிந்தபின் கணக்குப் பார்த்தபோது, பலருக்கு மிகச் சிறு தொகையே கிடைத்தது. பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மேலாற்றில் கரைகள் தாமாகவே உடைந்து நீர் பரவியமையால், அந்த வெடி வைத்திருக்கவே வேண்டியதில்லை என்பதும் விரைவில் தெளிவாயிற்று. நகரைக் காப்பாற்ற எளியோரின் நிலத்தைக் கட்டணமாகச் செலுத்தி, அதற்குப் பெற்ற பற்றுச்சீட்டையும் கிழித்தெறிந்தனர் என்றே சொல்லல் வேண்டும்.

மறு ஆண்டு, 1928இல், பாராளுமன்றம் வெள்ளத்தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதுவரை மாநிலத்தாரும் நிலக்கிழாரும் சுமந்த பொறுப்பை மத்திய அரசாங்கமே பெரும்பாலும் ஏற்றது. கரைகள் மட்டும் போதும் என்ற பழைய கொள்கை கைவிடப்பட்டது. நகருக்கு மேலே பொனே காரே என்னுமிடத்தில் வெள்ளத்தை ஏரிக்குத் திருப்பும் மதகுகள் அமைக்கப்பட்டு, 1937இல் முதன்முதலாகத் திறக்கப்பட்டன. வெடி வைத்துக் கரை உடைக்கும் தேவை அதனால் நீங்கியது. ஆனால் அதே சட்டத்தில் மற்றொரு விதியும் இடம்பெற்றது. வெள்ளத்தாலோ வெள்ளநீராலோ எவ்விடத்தில் எவ்விழப்பு நேரினும் மத்திய அரசாங்கத்தின்மீது பொறுப்புச் சுமத்தலாகாது என்பதே அவ்விதி. கரையை அரசு கட்டும். கரை உடைந்தால் இழப்பு குடிகளுடையது. இவ்விதியின் முழுப் பொருளும் 80 ஆண்டுகளின் பின்னரே மக்களுக்கு விளங்கிற்று.

இக்காலத்தே கில்பேர்ட் வைற் என்ற புவியியலறிஞர் ஒரு புதிய சிந்தனையை வெளியிட்டார். வெள்ளத்தை இயற்கை அனுப்புகின்றது. அது செல்லும் வழியிலே வீடு கட்டுபவர் நாமே. ஆகவே இழப்பின் பெரும்பகுதிக்கு மனிதரின் தெரிவே காரணம் என்பது 1942ஆம் ஆண்டில் அவர் சமர்ப்பித்த ஆய்வின் சாரம். தண்ணீரை மட்டும் கட்டுப்படுத்த முயலாது, நாம் குடியேறும் முறையையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். 1956ஆம் ஆண்டில் சனாதிபதி ஐசனோவர் காலத்தில் மத்திய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பாராளுமன்றம் அதற்குப் பணம் ஒதுக்காமையால் அச்சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

அதனை ஏட்டிலிருந்து எழுப்பியது லூயிசியானாவில் அடித்த ஒரு சூறாவளி. 1965 செப்டெம்பர் 9ஆம் நாள் இரவு பெற்சி என்னும் சூறாவளி கரையேறியது. நகரின் கீழ் ஒன்பதாம் வட்டாரத்திலே, பெரும்பாலும் கறுப்பின உழைப்பாளர் வாழ்ந்த பகுதியில், கால்வாய்க்கரை உடைந்து வீடுகள் கூரைவரை மூழ்கின. கூரையைத் துளைத்து வெளியேற இயலாதோர் உள்ளேயே மடிந்தனர். 1927இல் போலவே இம்முறையும் யாரோ வேண்டுமென்றே கரையை உடைத்தனர் என்று அம்மக்கள் நம்பினர். அந்நம்பிக்கைக்குச் சான்று கிடைக்கவில்லை. எனினும், முன்னொரு நாள் மெய்யாகவே நிகழ்ந்ததன் நினைவு ஒரு தலைமுறைக்குப் பின்னரும் ஆறாத புண்ணாக இருந்தது. வாக்குறுதியை மீறுவோர் அவ்விழப்பின் கணக்கிலே இதனையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்த நாளே சனாதிபதி ஜோன்சன் நேரில் வந்து பார்வையிட்டார். அவ்வாண்டிலேயே இரு முடிவுகள் எடுக்கப்பட்டன. நகரைச் சூழப் புதிய சூறாவளித் தடுப்புக் கரைகளை அமைப்பது ஒன்று; வெள்ளக் காப்புறுதி இயலுமா என்று ஆராய்வது மற்றொன்று. ஆராய்ச்சியின் பயனாக 1968ஆம் ஆண்டில் தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. அதிற் சேர்ந்த முதல் ஊர்களுள் நியூ ஓர்லியன்சை அடுத்துள்ள மெற்றரியும் ஒன்றாகும்.

அச்சட்டத்தின் அடிப்படை ஒரு கொடுக்கல் வாங்கல். ஓர் ஊர், வெள்ளம் புகும் நிலத்தில் இனிக் கட்டப்படும் வீடுகள் வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும் என விதி செய்ய வேண்டும். அவ்வாறு செய்தால் அவ்வூர் மக்களுக்கு அரசாங்கம் காப்புறுதி வழங்கும். முன்னரே கட்டப்பட்ட பழைய வீடுகளுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. அறியாமற் குடியேறியவரைத் தண்டித்தல் நீதியன்று என்பது அதன் கருத்து. காலப்போக்கில் பழைய வீடுகள் மறைந்து, எல்லாரும் தத்தம் ஆபத்துக்கேற்ற கட்டணம் செலுத்தும் நாள் வரும் என எதிர்பார்த்தனர். பிழையாக நடத்தப்படும் காப்புறுதி மக்களை வெள்ள நிலத்துக்கு மேலும் இழுக்கும் என்று வைற் தலைமை தாங்கிய குழு 1966ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது.

எதிர்பார்த்த நாள் வரவில்லை. எச்சரித்தது வந்தது. முதலில், மக்கள் தாமாகக் காப்புறுதி செய்ய முன்வரவில்லை. எனவே 1973இல், ஆபத்தான பகுதியில் வீட்டை ஈடுவைத்து வங்கியிற் கடன் பெறுவோர் கட்டாயம் வெள்ளக் காப்புறுதி செய்தல் வேண்டும் எனச் சட்டம் வந்தது. ஆபத்தான பகுதி எது? எந்த ஓர் ஆண்டிலும் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பளவில் வெள்ளம் புகக்கூடிய நிலம் என வரையறுத்துப் படம் வரைந்தனர். இதனை நூறாண்டு வெள்ளம் என மக்கள் வழங்கினர். நூறாண்டுக்கு ஒருமுறையே வரும் என்று பொருள் கொண்டனர். உண்மையில் 30 ஆண்டுக் கடனைத் தீர்க்கும் காலத்துக்குள் அவ்வீட்டில் வெள்ளம் புகும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேலாகும். கோட்டுக்கு உள்ளே இருப்பவன் அஞ்சினான். பத்தடி வெளியே இருப்பவன் நிம்மதியாக உறங்கினான். தண்ணீர் அந்தக் கோட்டை அறியாது.

பழைய வீடுகளும் மறையவில்லை. மூழ்கிய வீட்டை அதே இடத்தில் அதே மட்டத்தில் திருத்திக் கட்டுவதற்கே காப்புறுதிப் பணம் உதவிற்று. சில வீடுகள் மீண்டும் மீண்டும் மூழ்கி மீண்டும் மீண்டும் பணம் பெற்றன. மொத்தக் காப்புறுதிகளில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவான இவ்வீடுகள் கொடுப்பனவுகளில் காற்பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டன எனக் கணக்கிட்டுள்ளனர். இத்தகைய வீடுகள் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் லூயிசியானா முன்னணியில் நின்றது. அவ்வீட்டாரைப் பேராசைக்காரர் எனல் தகாது. வேறிடம் சென்று வாழப் பணம் இல்லை. அங்கேயே கட்டினால் மட்டும் பணம் உண்டு எனின், எவரும் அங்கேயே கட்டுவர்.

2005 ஓகஸ்ட் 29ஆம் நாள் கத்தரீனா சூறாவளி வந்தது. பெற்சிக்குப் பின்னர் தொடங்கிய கரைவேலை 40 ஆண்டுகள் கழிந்தும் முற்றுப்பெறாதிருந்தது. நகரினுள் ஓடிய கால்வாய்களின் தடுப்புச் சுவர்கள், நீர் அவற்றின் உச்சியைத் தாண்டும் முன்னரே, அடிமண் நெகிழ்ந்து சாய்ந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கரைகளைக் கட்டிய இராணுவப் பொறியியற் படையே அவற்றின் அமைப்பிற் குறையிருந்ததை 2006இல் ஒப்புக்கொண்டது. ஆயினும் மக்கள் தொடுத்த வழக்கு 2008இல் தள்ளுபடியாயிற்று. காரணம், 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த ஒரு விதி!

காப்புறுதி அன்று யாருக்கு உதவியது? கடன்பட்டு வீடு வாங்கியோரிடம் காப்புறுதி இருந்தது. கீழ் ஒன்பதாம் வட்டாரம் போன்ற இடங்களிலோ பல வீடுகள் பாட்டன் கட்டி, மகனுக்கும் பேரனுக்கும் வழிவழியாக வந்தவை. கடன் இல்லை, ஆகவே கட்டாயமும் இல்லை. கரைக்கு உட்பட்ட பல இடங்களைப் படம் வரைந்தோர் ஆபத்தற்றவை எனக் குறித்திருந்தனர். கடனின்றிச் சொந்த வீட்டில் வாழ்ந்த நல்வாழ்வே அவர்களுக்குக் கேடாக முடிந்தது. மற்றையோரும் எளிதில் மீளவில்லை. வழமையான வீட்டுக் காப்புறுதி காற்றினால் வரும் சேதத்துக்கு உரியது; வெள்ளத்துக்கு உரியதன்று. வீட்டை வீழ்த்தியது காற்றா, நீரா என்ற வாதம் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக நீண்டது. பின்னர் மாநிலம் வழங்கிய மீள்குடியேற்ற நிதி, வீட்டின் பழைய பெறுமதி, கட்டும் செலவு ஆகிய இரண்டிற் குறைந்ததையே அளவாகக் கொண்டது. ஏழை வட்டாரத்தில் வீட்டின் பெறுமதி குறைவு. செங்கல்லும் மரமும் எங்கும் ஒரே விலை. அதனால் ஏழைகளே மிகுதியும் நட்டமடைந்தனர். 2011இல் ஒரு வழக்கு இணக்கமாகத் தீர்ந்து அம்முறை திருத்தப்பட்டபோது, பலர் நகரை விட்டே போய்விட்டனர்.

தேசியக் காப்புறுதித் திட்டமோ அவ்வோர் ஆண்டின் சூறாவளிகளுக்கு, அதுவரை தன் வாழ்நாளிற் கொடுத்த அனைத்தையும் விஞ்சிய தொகையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கத்தரீனாவுக்கு மட்டும் 1,600 கோடி டொலர் அளவில் சென்றது. திட்டம் அரசாங்கத்திடம் பெருங்கடன்பட்டது. 2012இல் சாண்டி, 2017இல் ஹார்வி எனச் சூறாவளிகள் தொடர்ந்தன. 2017இல் பாராளுமன்றம் 1,600 கோடி டொலர் கடனைத் தள்ளுபடி செய்தும் 2,000 கோடிக்கு மேல் எஞ்சியது.

ஆகவே உண்மையான ஆபத்துக்கேற்ற கட்டணம் அறவிட வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2012இல் சலுகைகளை நீக்கச் சட்டம் வந்தது. கட்டணம் பன்மடங்கு உயரும் எனக் கண்ட லூயிசியானா மக்கள் கொதித்தெழுந்தனர். 2014இல் அச்சட்டத்தின் கூர்மை மழுங்கடிக்கப்பட்டது. 2021 ஒக்ரோபர் முதல் மீண்டும் ஒரு புதிய முறை வந்தது. கோட்டுக்கு உள்ளா வெளியா என்று பாராமல், ஒவ்வொரு வீட்டுக்கும் நீர்நிலை எவ்வளவு தொலைவு, தளம் எவ்வளவு உயரம், திருத்திக் கட்ட எவ்வளவு செலவாகும் எனத் தனித்தனியே கணித்துக் கட்டணம் விதிக்கும் முறை அது. வசிக்கும் வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 18 வீதத்துக்கு மேல் உயர்த்தலாகாது என்ற தடை உண்டு. எனினும் இறுதியில் வரப்போகும் தொகையை எண்ணிப் பலர் காப்புறுதியையே விட்டுவிட்டனர். 2023இல் லூயிசியானாவும் வேறு சில மாநிலங்களும் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆபத்தை மறைக்கும் கட்டணம் பொய் சொல்லும் கட்டணமாகும். அதை நம்பிப் புதிதாக ஒருவர் பள்ளத்திற் குடியேறுவாராயின் அந்தப் பாவம் அரசையே சாரும். ஆனால் 50 ஆண்டுகள் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு, ஒரு நாள் உண்மையைச் சொல்லி, அதன் விலை முழுவதையும் கேட்டவன் தலையிலே வைப்பது நீதியாகுமா? அதிக கட்டணத்தால் வீட்டின் விலை வீழ்கின்றது. விற்று வெளியேறவும் முடிவதில்லை. வயது முதிர்ந்து, கடன் தீர்ந்து, சிறு வருமானத்தில் வாழ்வோர் காப்புறுதியை முதலிற் கைவிடுகின்றனர். அடுத்த வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழக்கப்போவோரும் அவர்களே.

இதற்கிடையில் நிலமே குறைந்து வருகின்றது. வண்டல் வரவில்லை, எண்ணெய்க் கம்பனிகள் வெட்டிய கால்வாய்களால் உப்புநீர் சதுப்புக்குள் ஏறுகின்றது, கடல் மட்டம் உயர்கின்றது. 1930களிலிருந்து ஏறக்குறைய 2,000 சதுர மைல் நிலத்தை லூயிசியானா இழந்துள்ளது. நமது யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் ஐந்து மடங்கு எனக் கொண்டால் அதன் அளவு விளங்கும். ஜீன் சார்ள்ஸ் என்னும் சிறு தீவில் பூர்வ குடிகளான சொக்டோ மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 22,000 ஏக்கராக இருந்த தீவு 320 ஏக்கராகச் சுருங்கியது. 2016இல் மத்திய அரசாங்கம் 480 இலட்சம் டொலர் அளித்தது. 2022இல் அவர்கள் வடக்கே உயர்ந்த நிலத்திற் கட்டிய புதிய வீடுகளுக்குப் பெயர்ந்தனர். சமாதிகளும் நினைவுகளும் தீவிலே தங்கின. ஆயினும் ஒரு சமூகம் பிரியாது ஒன்றாகப் பெயர்வதற்கு வழி செய்யப்பட்டமை அவ்வரலாற்றில் ஒரு புதிய செய்தி.

2021இல் ஐடா சூறாவளி வந்தபோது, கத்தரீனாவின் பின் 1,400 கோடி டொலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய கரைகள் நகரைக் காத்து நின்றன. கரைக்கு வெளியே இருந்த லாபிளாஸ் போன்ற ஊர்கள் மூழ்கின. கரை வேண்டாம் என்று கூறுவதற்கு எவரும் துணியார். ஆனால் கரைக்கு உள்ளே யார், வெளியே யார் என்ற கேள்வி 1927இல் இருந்தபடியே இன்னும் இருக்கின்றது.

மூன்று நூற்றாண்டுகளின் பாடத்தைச் சுருங்கக் கூறலாம். கரையும் காப்புறுதியும் நல்லனவே. ஆனால் இரண்டும் ஆபத்தைக் குறைப்பதோடு நில்லாமல் அதை மறக்கவும் செய்கின்றன. கரை கட்டுவோர் அது உடையவும் கூடும் என்று சொல்ல வேண்டும். காப்புறுதி வழங்குவோர், மூழ்கிய வீட்டை அங்கேயே கட்டுவதற்கு மட்டுமன்றி, உயர்த்திக் கட்டவும் விலகிச் செல்லவும் பணம் கொடுக்க வேண்டும். உண்மையான கட்டணத்தை அறிவிக்க வேண்டும். அதைச் செலுத்த இயலாத எளியோரின் பங்கை ஊர் ஏற்க வேண்டும்.

மதுரையிலே கரையைப் பங்கிட்டபோது வந்திக் கிழவிக்கும் எல்லார்க்கும் போலவே ஒரு பங்கு வந்தது. அவளுக்கு மண் சுமக்க ஆளில்லை என்பதை அளந்து கொடுத்த அதிகாரி எண்ணிப் பார்க்கவில்லை. கதையிலே அவள் பங்கை அடைக்க இறைவனே கூடை தூக்கி வந்தான். சென் பேர்ணாட்டின் வேடர்களுக்கும், கீழ் ஒன்பதாம் வட்டாரத்துப் பாட்டிமார்களுக்கும் அவ்வாறு எவரும் வரவில்லை. வரலாற்றில் அந்த வேலையை மனிதரே செய்தாக வேண்டும். வெள்ளம் வருமுன்னரே செய்தாக வேண்டும்.